18,600 ரூபாய் போச்சு. வீட்ல வயசானவங்க இருந்தா இதைப் படிங்க

நேத்து ராத்திரி கடைசி பதிலும் வந்துடுச்சு: "உங்கள் ரீஃபண்ட் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது." 18,600 ரூபாய். வயிறு எரியுது.

வயசானவங்களுக்குன்னே சத்து மாத்திரை விக்கிற ஒரு ஆப். பேர் போடல.

அம்மாவுக்கு 67. சுகர் இல்ல, பிரஷர் இல்ல. 'இலவச ரத்தப் பரிசோதனை'ன்னு விளம்பரம் பாத்து நான்தான் பதிவு பண்ணேன். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தாங்க. மறுநாள் ரிப்போர்ட்ல சி.ஆர்.பி. (உடம்புல வீக்கமோ கிருமியோ இருந்தா ரத்தத்துல ஏறுற ஒரு புரதம்) 11.4, சுத்தி சிவப்புக் கட்டம். அரை மணி நேரத்துல ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. அம்மாகிட்ட குடுக்கச் சொல்லி, "சாப்டீங்களாம்மா?"ன்னுதான் ஆரம்பிச்சுது. வயசானா உடம்புக்குள்ள சத்தமில்லாம வீக்கம் இருக்கும், அதுக்குப் பேரு இன்ஃப்ளமேஜிங், மூட்டு, இதயம், மறதி எல்லாத்துக்கும் அதுதான் வேருன்னு நாப்பது நிமிஷம் பேசுச்சு. கடைசியா என்கிட்ட, "எங்கம்மாவுக்கும் இதே 11தான்க்கா இருந்துச்சு, நாலே மாசத்துல 2க்கு வந்துடுச்சு"ன்னுச்சு. அந்த ஒரு வார்த்தையில விழுந்துட்டேன். ஆறு மாசத்துக்கு மீன் எண்ணெய் ஆறு பாட்டில், மஞ்சள் கேப்சூல் ஆறு பாட்டில், 18,600 ரூபாய், ஒரே தடவையில ஜிபே.

அந்தப் போன் பேசுற நேரம் முழுக்க அம்மா கடைவாயில கிராம்பை அடக்கிக்கிட்டு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பல்வலி. காய்ச்சல் இருக்கா, எங்கயாவது சீழ் இருக்கான்னு அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை கேக்கல.

ஒம்போது நாள் சாப்பிட்டாங்க. நெஞ்செரிச்சல் தாங்கல, முகமும் வீங்கிடுச்சு. பல் டாக்டர்கிட்ட போனா வேர்ல சீழ். பல்லைப் பிடுங்கி ஆன்டிபயாடிக் குடுத்தாங்க. ரிப்போர்ட்டைக் காட்டினதும் எங்க வழக்கமான டாக்டர் சொன்னது: சி.ஆர்.பி. ஈரல்ல சுரக்குறது. உடம்புல எங்க கிருமி இருந்தாலும் சில மணி நேரத்துல ஏறிடும், சரியானா இறங்கிடும். 10க்கு மேல இருந்தா முதல்ல கிருமித் தொற்று இருக்கான்னு பாத்துட்டு, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுக்கணும். மூணு வாரம் கழிச்சு எடுத்தோம். 1.2. அந்த மூணு வாரமும் ஒரு கேப்சூல்கூட போடாம!

இன்ஃப்ளமேஜிங் பொய் இல்ல. இத்தாலிய ஆய்வாளர் க்ளாடியோ ஃபிரான்செஸ்கி 2000ல வச்ச பேர் அது. பல்வலிக்காரங்க ரிப்போர்ட்ல அதை ஒட்டி வித்ததுதான் அயோக்கியத்தனம். பாட்டில் முகப்புல 'மீன் எண்ணெய் 1000 மி.கி.'ன்னு கொட்டை எழுத்து. பின்னாடி பொடி எழுத்துல இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120. மீன் எண்ணெய்ல இருக்குற முக்கியமான ஒமேகா 3 கொழுப்பு இந்த ரெண்டும்தான். ஆக, ஒமேகா 3 வெறும் 300.

பத்தாவது நாளே பணம் கேட்டேன். விக்கும்போது "திருப்தி இல்லன்னா 90 நாள்ல முழுப் பணம்"னு சொன்னாங்க. இப்ப, ரிட்டர்ன் 7 நாள்தானாம். அப்ப 90 நாள்? முழுசா 90 நாள் சாப்பிட்டவங்களுக்கு மட்டுமாம். சரி, சாப்பிட்டுட்டுக் கேட்டா? திறந்த பாட்டிலை எடுக்க மாட்டாங்களாம்! சீல் உடைக்காத பத்து பாட்டில் இருக்கேன்னேன். "காம்போ ஆஃபர் மேடம், தனியா திருப்ப முடியாது." ஆறு தடவை போன், ஆறு பேர், ஆறு தடவையும் முதல்ல இருந்து கதை சொன்னேன். எங்கம்மாவுக்கும் 11ன்னு சொன்ன பொண்ணோட நம்பர் இப்ப போகவே மாட்டேங்குது.

என்ன செய்யணும்னு விவரமா எழுத நினைச்சேன், இப்ப முடியல. சளி, காய்ச்சல், பல்வலி, புண் இருக்கும்போது எடுத்த சி.ஆர்.பி.யை வச்சு எதையும் வாங்காதீங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரைக் கேக்காம மீன் எண்ணெய், மஞ்சள் கேப்சூலைத் தொடாதீங்க. மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூலால சிலருக்கு ஈரல் பாதிச்சிருக்கு, குழம்புல போடுற மஞ்சள் மாதிரி நினைக்காதீங்க. போன்ல சொல்ற வாக்குறுதியை வாட்ஸ்அப்ல எழுதி வாங்குங்க. நான் வாங்கல.

18,600 ரூபாய். இன்னைக்கு காலைல 1915க்கு, நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் பண்ணிப் புகார் பதிஞ்சிருக்கேன். இதே மாதிரி ஏமாந்தவங்க பில்லையும் பேசின மெசேஜையும் அழிக்காம வச்சு நீங்களும் பதியுங்க.