18,500 ரூபாய்க்கு ஒரு பொய்ப் பெட்டி: மதுரைப் பக்க மாணவர்களுக்கு எச்சரிக்கை

18,500 ரூபாய். பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இறுதியாண்டு புராஜெக்ட் செய்யக் கற்றுத்தருவதாகச் சொல்லும் மதுரை மையம் ஒன்றில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து கட்டிய பணம் அது. பதிலுக்கு எங்கள் கைக்கு வந்தது, மண்ணின் ஈரத்தை அளக்காமலேயே அளந்ததாகப் பொய் சொல்லும் ஒரு பெட்டி. நேற்று மாலைதான் முழு உண்மையும் தெரிந்தது. இப்போது புராஜெக்ட் பருவம். இன்னும் எத்தனையோ பேர் அந்த மாடிப்படி ஏறப்போகிறார்கள் என்பதால் உடனே எழுதுகிறேன். என்னென்ன பார்த்து வாங்கவேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் வீடு உசிலம்பட்டிப் பக்கம். அப்பா மல்லிகை போட்டிருக்கிறார். பூ மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போகிறது. மல்லிகைக்குத் தண்ணீர் குறைந்தாலும் கேடு, தேங்கினாலும் கேடு. அதனால் மண் காய்ந்தால் மோட்டாரை ஓடவிட்டு, நனைந்ததும் நிறுத்தி, கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவியைச் செய்வதென்று முடிவு செய்தோம். செய்து முடித்த பெட்டியை விலைக்கு வாங்க நாங்கள் போகவில்லை. கற்றுக்கொள்ளத்தான் போனோம். அந்த மையத்தின் பலகையிலேயே ‘ஹார்டுவேர், சாஃப்ட்வேர் இரண்டிலும் நேரடிப் பயிற்சி’ என்றுதான் எழுதியிருந்தது.

அந்த மையத்தை நடத்தும் ஆள் எங்களை நம்பவைத்த விதத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. நாற்காலி போட்டு உட்காரவைத்தார், மோர் வாங்கிக் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், “அடடே, நம்ம பக்கத்துப் பிள்ளைகளா! என் தங்கச்சியும் அந்த ஊரில்தான் வாக்கப்பட்டிருக்கிறாள்” என்றார். மேசைமேல் தயாராக ஒரு பெட்டி இருந்தது. மண் ஈர சென்சாரைத் தம்ளர் தண்ணீரில் விட்டார். சற்று நேரத்தில் எல்சிடி திரையில் ‘ஈரம்’ என்று வந்தது, மோட்டாரை ஓட்டி நிறுத்தும் ரிலே சுவிட்ச் ‘டக்’ என்று விழுந்தது, சின்ன மோட்டார் நின்றது. வெளியே எடுத்துத் துடைத்தார், மறுபடி ஓடியது. அவருடைய கைப்பேசியில் குறுஞ்செய்தியும் வந்து விழுந்தது. “பாப்பா, இதை அப்படியே அப்பா தோட்டத்தில் கொண்டுபோய் வைக்கலாம். நான் கற்றுத்தருகிறேன், நீங்களே செய்யப்போகிறீர்கள்” என்றார். என்னுடன் வந்திருந்த அம்மா அந்த வார்த்தையில் கரைந்துபோனார். மகளிர் குழுவில் கடன் வாங்கி என் பங்கைக் கொடுத்தவர் அவர். தோழிகள் இருவரின் பங்கும் சேர்ந்து 18,500 ரூபாய்.

பயிற்சி என்ற பெயரில் நடந்தது ஒரு பிற்பகல் வகுப்பு. ஒரு எல்இடியை மினுக்கிக் காட்டினார்கள். ஏடிசி என்றால் என்ன, சென்சார் தரும் மின்னழுத்தம் எப்படி எண்ணாக மாறுகிறது என்று கேட்டதற்கு, “அதெல்லாம் அடுத்த வகுப்பில்” என்றார்கள். அடுத்த வகுப்பு நடக்கவே இல்லை. கல்லூரியில் புராஜெக்டை மதிப்பிடும் முதல் ரிவியூ நெருங்கியபோது கையில் பெட்டியைத் திணித்து அனுப்பிவிட்டார்கள். உள்ளே இணைப்புகள்மேல் கெட்டியாகச் சூட்டுப்பசை ஊற்றியிருந்தது. பெட்டிக்கு மூளையான மைக்ரோகன்ட்ரோலர் சிப்பின்மேல் இருந்த பெயரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். எதற்காக ஒரு சிப்பின் பெயரை மறைக்கவேண்டும்?

கல்லூரியில் மின்சாரம் கொடுத்தோம். குறுஞ்செய்தி அனுப்பவேண்டிய நொடியில் திரை அணைந்து மறுபடி ‘வெல்கம்’ என்று வந்தது. ஒவ்வொரு முறையும் அப்படியே. தொலைபேசியில் கேட்டால், “உங்கள் சிம் சரியில்லை, ஜியோ சிம் போட்டுப் பாருங்கள்” என்றார். பெட்டியில் இருந்தது சிம்800எல் என்ற, குறுஞ்செய்தி அனுப்பும் 2ஜி மாட்யூல். ஜியோவில் 2ஜி சேவையே கிடையாது. அந்த சிம்மைப் போட்டால் சிக்னலே பிடிக்காது. இது தெரியாதவரா எங்களுக்குக் கற்றுத்தருவதாகச் சொன்னார்? பிறகு உங்கள் கல்லூரியில் டவர் இல்லை என்றார். பிறகு டெக்னீஷியன் கோயம்புத்தூர் போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்றார். திங்கட்கிழமை போனால் கதவில் பூட்டு. வாட்ஸ்அப்பில் செய்தியைப் பார்த்ததற்கான நீலக்குறி வரும், பதில் வராது. ஆனால் புதிதாகச் சேர விரும்புவதுபோல என் தோழியின் அண்ணன் வேறு எண்ணிலிருந்து அழைத்தபோது முதல் மணியிலேயே எடுத்தார்.

எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன்தான் பொறுமையாகப் பசையை உரித்துப் பார்த்தார். அந்த மாட்யூல் செய்தி அனுப்பும்போது கண நேரத்துக்கு 2 ஆம்பியர் வரை மின்னோட்டம் இழுக்கும். அதற்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரை தரும் தனி சப்ளை வேண்டும், பக்கத்தில் மின்னைத் தேக்கிவைத்துத் தரும் பெரிய கபாசிட்டரும் வேண்டும். இவர்கள் சிப் இருக்கும் போர்டின் 5 வோல்ட் முனையிலிருந்தே ஒரு டையோடு வழியாக எடுத்திருந்தார்கள். மாட்யூல் இழுத்ததும் மின்னழுத்தம் விழும், போர்டு ரீசெட் ஆகும். அந்த ஆளுடைய கடை மேசையில் பெரிய பவர் சப்ளை இருந்தது. அங்கே ஓடியதன் ரகசியம் அதுதான் என்றார் அவர்.

இதையாவது திறமைக் குறைவு என்று விட்டுவிடலாம். அடுத்தது அப்படியல்ல.

சென்சார் அளவு ஏன் தாறுமாறாக இருக்கிறது என்று பார்க்க ஆய்வக அண்ணன் சென்சார் கம்பியைக் கழற்றினார். திரையில் ‘ஈரம்’, ‘காய்ந்தது’ என்று தொடர்ந்து மாறிக்கொண்டே இருந்தது. சென்சார் கம்பி செருகும் அனலாக் முனையை எதனுடனும் இணைக்காவிட்டால் அதில் அளவு அலைபாய்வது இயல்பு, அதனால் முதலில் அவரும் பெரிதாக எண்ணவில்லை. அலைபாய்ந்தால் ஒழுங்கில்லாமல்தானே மாறும்? இது சரியாக 20 விநாடிக்கு ஒருமுறை மாறியது. கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தோம். தண்ணீரில் போட்டாலும் 20, வெயிலில் வைத்தாலும் 20. சிப்பில் ஏற்றியிருந்த நிரல் சென்சாரைப் படிக்கவே இல்லை! அந்த ஆள் அன்று நேரத்தைப் பார்த்துத் தம்ளரில் விட்டு, நேரத்தைப் பார்த்து வெளியே எடுத்து எங்கள் கண்முன்னே நாடகம் ஆடியிருக்கிறார். அம்மா அன்று அதைப் பார்த்துக் கைகூப்பினார்.

நிரலைத் திருத்தலாம் என்றால் மூல நிரல் எங்களிடம் இல்லை. குறுவட்டில் கொடுத்தது வெறும் ஹெக்ஸ் கோப்பு. அது சிப்புக்குப் புரியும் எண்வரிசை. அதிலிருந்து நாம் படித்துத் திருத்தக்கூடிய சி மொழி நிரலை அப்படியே மீட்க முடியாது. மூல நிரல் வேண்டுமென்றால் தனியாக 3,000 ரூபாய் என்று முன்பே கேட்டிருந்தார். சென்சாரையே படிக்காத நிரலுக்குத் தனி விலை!

இன்று காலை அப்பாவுடன் நேரில் போனேன். அப்பா, “ஐயா, பிள்ளைகள் படிப்பு சம்பந்தப்பட்டது” என்று தாழ்ந்துதான் பேசினார். அந்த ஆள் கணினியிலிருந்து தலையைத் திருப்பவே இல்லை. “வீட்டு விளக்கு புராஜெக்ட் ஒன்று ரெடியாக இருக்கிறது, 4,000 சேர்த்துக் கொடுத்தால் மாற்றித் தருகிறேன்” என்றார். பணத்தைத் திரும்பக் கேட்டதும் எங்கள் ரசீதையே புரட்டிக் காட்டினார். பின்பக்கம் பொடி எழுத்தில், ‘கட்டிய பணம் திருப்பித் தரப்படாது’. முன்பக்கம் கையெழுத்தில் ‘பயிற்சிக் கட்டணம்’ என்று மட்டும். பொருள்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. பெட்டியில் இருந்தவற்றைக் கடை விலையில் கூட்டிப் பார்த்தோம். 2,000 ரூபாயைத் தாண்டவில்லை. நாங்கள் கொடுத்தது 18,500.

விரிவாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் சென்சார் கம்பியைக் கழற்றச் சொல்லி, திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள். மூல நிரல் முதலில், பாக்கிப் பணம் பிறகு. சிப்பின் பெயர் சுரண்டியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒவ்வொரு பொருளின் பெயரும் போட்ட ரசீது வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அடுத்து மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. பெயர் சுரண்டிய சிப்பும் பசை ஊற்றிய பெட்டியும் உங்களிடமும் இருந்தால், அதைத் தூக்கி எறியாமல் படம் எடுத்து, ரசீதுடன் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். வரும் வாரம் மனு எழுதுகிறோம், உங்களையும் சேர்த்துக்கொள்கிறோம்.