சோடியம் குறைந்த உப்பு: 15 சதவீதம் எதற்குக் காணும்?

டாடா சால்ட் லைட் பாக்கெட் சொல்வது, சோடியம் 15 சதவீதம் குறைவு என்று. சாதா உப்பான சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்ப்பதுதான் இந்த வகை உப்பு. பிரஷருக்காக இதை வாங்குகிறவர்கள் அந்த எண்ணைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். இந்த வகை உப்புக்கு மருத்துவர்களிடம் மரியாதை வாங்கித் தந்த ஆய்வில் இருந்த கலவை வேறு.

ஆஸ்திரேலிய மருத்துவ ஆய்வு நிறுவனமான ஜார்ஜ் இன்ஸ்டிடியூட்டின் பேராசிரியர் புரூஸ் நீல் குழுவினர் வட சீனாவின் 600 கிராமங்களில் 20,995 பேரை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். எல்லோரும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைத் தொட்ட பிரஷர்காரர்கள். பாதிக் கிராமங்களுக்கு 75 பங்கு சோடியம் குளோரைடும் 25 பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு. 2021-ல் வந்த முடிவு: பக்கவாதம் 14 சதவீதமும் இறப்பு 12 சதவீதமும் குறைந்தன. இத்தனைக்கும் பிரஷர் இறங்கியது சராசரியாக 3.3 புள்ளிதான். தெலங்கானாவின் சித்திபேட்டையில் 70-30 கலவையை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்ததில் 4.6 புள்ளி இறங்கியது.

பலன் வெறும் சோடியக் குறைவால் வருவதல்ல. பொட்டாசியம் போதுமான அளவு உள்ளே போனால்தான் சிறுநீரகம் சோடியத்தைத் தாராளமாக வெளியே தள்ளும். ஆகவே 15 சதவீத உப்பில் இரண்டு பக்கமும் பலன் குறைச்சல். 5 கிராம் சாதா உப்பில் சோடியம் சுமார் 1,960 மில்லிகிராம், டாடா லைட்டில் 1,670, சீனக் கலவையில் 1,475. கடையில் பொட்டாசியம் குளோரைடு 25 அல்லது 30 சதவீதம் உள்ளது கிடைத்தால் அதையே எடுங்கள். ‘அயோடின் சேர்த்தது’ என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்துப்பு இதற்கு மாற்றே அல்ல. நிறம்தான் வேறு, உள்ளே பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடு.

ருசியில் 15 சதவீதம் தொந்தரவு தராது. சாம்பார், ரசம், புளிக்குழம்பில் பொட்டாசியத்தின் கசப்பைப் புளிப்பு மறைத்துவிடும். மோர், தயிர்சாதம், கஞ்சியில் மட்டும் கூர்ந்த நாக்குக்கு லேசான கசப்பு தட்டும். 30 சதவீதக் கலவையில் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

பலர் கோட்டை விடுவது கை அளவில். உப்பு உறைக்கவில்லை என்று 10 கிராம் போட்ட இடத்தில் 12 கிராம் போட்டால் மிச்சப்படுத்திய சோடியம் முழுக்கத் திரும்பி வந்துவிடும். பழைய ஸ்பூனால் தலைதட்டி, பழைய அளவே போடுங்கள். அப்பளம், கருவாடு, ஊறுகாயில் வரும் சோடியத்துக்கு இந்தப் பாக்கெட் பொறுப்பல்ல.

விலை சாதா தூள் உப்பைவிடக் கூடுதல். வீட்டுச் சமையலில்தான் உப்பு அதிகம் சேருகிறது என்பவர்களுக்கு அது நியாயமான செலவு. மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு என்றால் வீண்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. வெளியேறாத பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில், டெல்மிசார்ட்டான் போன்ற, உடலில் பொட்டாசியத்தைத் தேக்கக்கூடிய பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு), பொட்டாசியம் இரண்டையும் சோதித்து, மருத்துவரைக் கேட்ட பிறகே மாற வேண்டும். 2025-ல் இவ்வகை உப்பைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம்கூட சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகளை அதில் சேர்க்கவில்லை. இவர்களில் ஒருவர் வீட்டில் இருந்தால் அடுப்படியில் இரண்டு உப்பு டப்பா வைத்துச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். காலை அவசரத்தில் டப்பா மாறிவிடும்.