ரேஞ்ச்ஃபைண்டர் ஃபிலிம் கேமராவுக்கு மோனோபாடா, ட்ரைபாடா?

ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாடா, மூன்றுகால் தாங்கியான ட்ரைபாடா என்ற கேள்விக்கு, லென்ஸ் காணும் காட்சியைக் கண்ணாடி வழியே காட்டும் எஸ்.எல்.ஆர். கேமராவுக்குச் சொல்லும் அறிவுரையை, லென்ஸ் வழியே அல்லாமல் தனி வியூஃபைண்டரில் பார்த்து எடுக்கும் ரேஞ்ச்ஃபைண்டருக்கும் அப்படியே சொல்லிவிட முடியாது. எஸ்.எல்.ஆரில் ஷட்டர் திறக்கும் முன் கண்ணாடி மேலெழுந்து மோதும் அதிர்வு, 1/30 முதல் 1/4 நொடி வரையிலான வேகங்களில் ட்ரைபாடில் நிற்கும் கேமராவையே அசைத்துவிடக்கூடும். லைக்கா எம் வரிசையிலும் கேனனெட், யாஷிகா எலக்ட்ரோ 35 போன்ற ரேஞ்ச்ஃபைண்டர்களிலும் அந்தக் கண்ணாடியே கிடையாது. 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் இருந்தால், பழகிய கைக்கு 1/15 நொடி எட்டாத வேகம் அல்ல. ஆகவே அந்தக் கையால் முடியாத எதை ஒரு தாங்கி செய்து தருகிறது என்பதை வைத்தே இரண்டையும் மதிப்பிட வேண்டும்.

மோனோபாடின் பயன் 90 மி.மீ. லென்ஸில்தான் முழுமையாகத் தெரியும். மார்கழிக் கச்சேரியில் அனுமதி பெற்று, அரங்கின் ஓரமாக நின்று படமெடுப்பவருக்கு மூன்று கால்களை விரிக்க இடமிருக்காது. 400 ஐ.எஸ்.ஓ. உணர்திறன் கொண்ட ஃபிலிமில் லென்ஸின் துளையை f/2.8 வரை அகலத் திறந்தாலும், மேடை வெளிச்சத்துக்கு 1/30 நொடி தேவைப்படலாம். குவியத் தூரம் 90 என்றால் கையால் பிடிக்க 1/90 வேண்டும் என்ற பழைய கணக்குக்கும் இந்த 1/30க்கும் இடையிலுள்ள தொலைவை மோனோபாட் கடந்துவிடுகிறது. ஆலாபனையில் பாடகர் ஒரே ஸ்வரத்தில் நின்று கண்மூடும் கணத்துக்கு அது போதும். மிருதங்கக் கலைஞரின் விரல்களுக்கு எந்தத் தாங்கியும் உதவாது, அங்கே வேண்டியது வேகமான ஷட்டர். மயிலாப்பூர் மாடவீதிகளில் அறுபத்துமூவர் விழாக் கூட்டத்தில் ட்ரைபாடை விரிப்பது பிறர் காலை இடறிவிடும் என்பதால், அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபோகஸ் செய்யும் முறையும் மோனோபாடின் பக்கமே சாய்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் இரட்டை உருவம் ஒன்றுசேரும் சிறு கட்டம் வியூஃபைண்டரின் நடுவில் மட்டுமே இருக்கிறது. முகம் ஓரத்தில் வர வேண்டுமானால், முதலில் நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, பிறகு கேமராவைத் திருப்ப வேண்டும். ட்ரைபாடில் ஒவ்வொரு முறையும் கேமராவைத் தாங்கும் உருண்டை மூட்டான பால் ஹெட்டைத் தளர்த்தி இறுக்க வேண்டியிருக்கும் இந்த வேலை, மோனோபாடில் இடுப்பைச் சற்றே திருப்புவதோடு முடிந்துவிடும். ஆனால் மோனோபாட் முன்னும் பின்னும் ஆடுவதைத் தடுக்காது. 50 மி.மீ. லென்ஸில் f/2 வைத்து 1 மீட்டர் தொலைவில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 5 செ.மீ. மட்டுமே, உடல் அவ்வளவு தூரம் சாய்ந்தாலே படத்தில் இருப்பவரின் கண் தெளிவிழந்து காது தெளிவாகிவிடும். அண்மைப் படங்களுக்கு ட்ரைபாடே மேல்.

இரவில் மனிதரில்லாக் காட்சிகளுக்கும் ட்ரைபாடுக்கு மாற்றில்லை. நேப்பியர் பாலத்தின் விளக்குகள் கூவத்தில் விழும் காட்சியையோ ரிப்பன் மாளிகையின் வெண்மையையோ லென்ஸின் துளையைச் சுருக்கி f/8-ல் எடுக்கும்போது நொடிக்கணக்கில் ஷட்டரைத் திறந்து வைக்க நேரும். அங்கே கேமராவைத் தொடாமல் ஷட்டரை இயக்கும் கேபிள் ரிலீஸும் ட்ரைபாடும் சேர்ந்தே போக வேண்டும். நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிமின் உணர்திறன் குறைவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்: இல்ஃபோர்டின் எச்.பி.5 பிளஸ் என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் மீட்டர் 10 நொடி காட்டினால், உண்மையில் ஏறத்தாழ 20 நொடி கொடுக்க வேண்டும். பேருந்துகள் ஓடும் மேம்பாலத்தின் மேலேயே ட்ரைபாடை வைத்தால் தளமே அதிரும் என்பதால், பாலத்தை விட்டு இறங்கி நிற்பது நல்லது. லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் அடர்ந்த என்.டி. ஃபில்டர் போட்டாலும் ரேஞ்ச்ஃபைண்டரின் வியூஃபைண்டர் இருளாது என்பது, கடலலையை மென்மையாக்க விரும்புவோருக்கு எஸ்.எல்.ஆர். தராத பெரும் வசதி.

மெரினாவில் சூரிய உதயத்துக்காகக் காத்திருப்போர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். லைக்கா எம் ஃபிலிம் கேமராக்களின் ஷட்டர் திரை துணியாலானது. அதை மறைக்க முன்னே கண்ணாடி இல்லாததால், லென்ஸ் குவிக்கும் வெயில் நேராகத் திரையில் விழுந்து அதில் ஓட்டை போட்டுவிடும். தோளில் தொங்கும் கேமரா திசை மாறிக்கொண்டே இருக்கும். ட்ரைபாடில் கிழக்கு நோக்கி நிறுத்திய கேமராவோ ஒரே புள்ளியில் வெயிலை வாங்கிக்கொண்டிருக்கும். படங்களுக்கு இடையில் லென்ஸ் மூடியைப் போட வேண்டும், எடுக்குமுன் மறவாமல் கழற்றவும் வேண்டும், ஏனெனில் மூடி இருப்பதை வியூஃபைண்டர் காட்டிக்கொடுக்காது. கேனனெட், யாஷிகா போன்றவற்றின் உலோக இதழ் ஷட்டருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

லைக்காவில் இன்னொரு தொல்லையும் உண்டு. ட்ரைபாட் திருகு பொருந்தும் இடம் அடித்தட்டில் இருக்கிறது. ஃபிலிம் மாற்ற அந்த அடித்தட்டையே கழற்ற வேண்டும். ஆகவே 36 படங்கள் முடிந்ததும், பார்த்துப் பார்த்து அமைத்த சட்டகத்தை விட்டுக் கேமராவை இறக்கியாக வேண்டும். மோனோபாடில் நிலையான சட்டகம் என்று ஒன்று இல்லாததால், அங்கே இது இழப்பாகாது.

35 மி.மீ. லென்ஸ் ஒன்றை மட்டுமே வைத்துத் தெருவில் படமெடுப்பவர் இரண்டையுமே வாங்க வேண்டியதில்லை. 90 மி.மீ. லென்ஸ் வைத்திருந்து, மனிதர்களைப் படமெடுப்பவர் மோனோபாடை முதலில் வாங்கலாம். இரவுக் கட்டடங்களே விருப்பம் என்றால், கடற்காற்றுக்கு ஆடாத கனமான ட்ரைபாடில் பணத்தைப் போட்டு, நடுத்தண்டை உயர்த்தாமல் பயன்படுத்துவதே சரி.