ஆளுக்கு 360 ரூபாய்: மதுரையில் ஒரு டெசர்ட் கஃபேயில் எங்களுக்கு நடந்தது

மதுரையில் நண்பர்களோடு உட்கார்ந்து பேச கஃபே தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பில்லில் கூடுதலாகக் காசு போட்டதற்காக அந்தக் கடைமேல் நான் கொடுத்த புகார் இன்னும் முடியவில்லை, அதனால் கடையின் பெயரை எழுதவில்லை.

பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் ஆறு பேர், நான்கு வருடம் கழித்துச் சேர்ந்தோம். இரண்டு பேர் கோவையிலிருந்தும் ஒருத்தி சென்னையிலிருந்தும் வந்திருந்தார்கள். உள்ளூர்க்காரி நான்தான், அதனால் இடம் பார்ப்பது என் பொறுப்பு. விளக்குத்தூண் பக்கம் போய் நின்றபடியே ஜிகர்தண்டா குடிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வெயில், உட்கார இடம் வேண்டும், கோவைக்காரி ஒருத்தி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். சரி என்று ரீல்ஸில் பார்த்த ஒரு டெசர்ட் கஃபேக்கு, கே.கே.நகர் பக்கம், கூட்டிப் போனேன்.

வாஃபிள் 220, பிரவுனி 180, ஸ்பெஷல் ஜிகர்தண்டா 160, கோல்டு காபி 130 என்று பலகையில் போட்டிருந்தது. முதல் மூன்றிலும் இரண்டிரண்டு, கோல்டு காபி மூன்று. மொத்தம் 1,510 ரூபாய் வரும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே மனதில் கூட்டிக்கொண்டேன். ஆர்டர் எடுத்த தம்பி, "மேல ஐஸ்கிரீம் வைக்கட்டுமாக்கா?" என்று கேட்டார். வைங்க என்றோம். அதற்குத் தனிக் காசு என்று அவர் சொல்லவில்லை, பலகையிலும் இல்லை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்று தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

ஜிகர்தண்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், மதுரைக்காரி என்பதால் அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. பால் சுண்டி லேசாகப் பழுப்பேறியிருக்க வேண்டும். ஊறிய கடற்பாசி நாக்கில் வழுக்க வேண்டும். நன்னாரி வாசம் முதல் வாயிலேயே தெரிய வேண்டும். அங்கே வந்த கிளாஸில் ரோஸ் கலர் ஜெல்லித் துண்டுகள், வெறும் சர்க்கரைப் பாகு, அதன்மேல் ஒரு உருண்டை ஐஸ்கிரீம். சென்னையிலிருந்து வந்தவள் முதல்முறையாக மதுரை ஜிகர்தண்டா குடிக்கிறாள். இதைத்தான் அவள் ஜிகர்தண்டா என்று நினைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருப்பாள்.

கை கழுவப் போன இடத்தில் அந்த ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று அதிலேயே எழுதியிருந்தது. உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஐஸ்கிரீம் என்றால் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். ஃப்ரோசன் டெசர்ட் பெரும்பாலும் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய், தாவரக் கொழுப்பில் செய்வது. அதை விற்பதில் தவறில்லை, பலரும் விற்கிறார்கள். ஐஸ்கிரீம் என்று சொல்லிவிட்டு இதை வைத்துக் கொடுப்பதுதான் ஏமாற்று.

அப்புறம் பில் வந்தது. மேலே வைத்த நான்கு உருண்டைக்குத் தலா 60, ஆக 240. எம்.ஆர்.பி. 20 ரூபாய் பாட்டிலுக்குத் தலா 40, ஆக 120. மொத்தம் 1,870. அதன்மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 187 ரூபாய். அந்த சர்வீஸ் சார்ஜையும் சேர்த்து மொத்தத்துக்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி. கடைசியில் 2,160. பலகை விலையோடு வரி மட்டும் என்றால் 1,585 ரூபாய் 50 காசுதான் வந்திருக்கும்.

சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னேன். "சிஸ்டமே போடுதுக்கா, எடுக்க முடியாது. எல்லாரும் குடுத்துட்டுத்தான் போறாங்க" என்றார் கல்லாவில் இருந்தவர். நான் திரும்பப் பேசுவதற்குள் பின்னாலிருந்து, "விடுடி, ஆளுக்கு 360 ரூபாய்தானே, இதுக்குப் போயா சண்டை?" என்று ஒரு குரல். மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள், குழந்தை அழுதுகொண்டிருந்தது. கொடுத்துவிட்டு வந்தேன். இந்தக் கடைகள் நம்பியிருப்பது இதைத்தான். நான்கு வருடம் கழித்துப் பார்க்கும் தோழிகள் முன்னால் யாரும் காசுக்கு வாக்குவாதம் பண்ண மாட்டார்கள். ஆறாகப் பிரித்தால் தொகையும் சின்னதாகத் தெரியும். தனியாக வந்து ஒரு காபி குடிக்கிறவரிடம் இவ்வளவு சுலபமாக இதைச் செய்துவிட முடியாது.

உண்மையில் சட்டம் நம் பக்கம்தான். 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பில்லில் தானாக சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றமும் இந்த வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லிவிட்டது. பிடித்திருந்தால் நாமாக டிப்ஸ் கொடுக்கலாம், அது வேறு. தண்ணீர் பாட்டில் விஷயம் மட்டும் அப்படியில்லை. உட்கார்ந்து சாப்பிடும் இடங்களில் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் மூடியைத் திறப்பதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சாதா தண்ணீர் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்து பில்லை மறுபடி பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. வரி வாங்கிய பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணே இல்லை. அது எழுத்தும் எண்ணுமாக 15 இடங்கள் இருக்கும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடை எந்த முறையில் பதிவாகியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். பதிவே செய்யாத கடையோ, காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் முறை) இருக்கும் கடையோ வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. வாங்கவே கூடாது. பில்லில் இருக்க வேண்டிய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. இவற்றைக் கல்லாவில் நிற்கும்போதே பார்த்திருக்க வேண்டும். தோழிகள் காத்திருந்தால் காத்திருக்கட்டும், இரண்டு நிமிடம்தான் ஆகும்.

மறுநாள் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண், போன் செய்தேன். தமிழிலேயே பேசினார்கள். பில்லையும் பலகையையும் எடுத்த போட்டோக்களை அனுப்பினேன். ரீல்ஸைப் பார்த்துப் போகிறவர்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன் விலைப் பலகையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கைகொடுத்தது அதுதான். தோழி தன் குழந்தையைப் படம் எடுத்தபோது பின்னால் பலகையும் விழுந்திருந்தது.

பத்து நாள் கழித்துக் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். சர்வீஸ் சார்ஜ் 187 ரூபாயை யு.பி.ஐ.யில் அனுப்பிவிட்டு, புகாரை முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஜி.எஸ்.டி. எண் என்ன என்று கேட்டேன். ஆடிட்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார் பேசியவர். இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் சொல்லவில்லை. நான் புகாரை முடிக்கவில்லை.