டைட்டானியம் 6-4: ஒளி நுண்ணோக்கியா, ஈபிஎஸ்டியா?

சிங்கப்பூர் ஜூரோங்கில் நாங்கள் நடத்தும் சின்ன சோதனைக்கூடத்துக்கு டைட்டானியம் 6-4 துண்டுகள்தான் அதிகம் வரும். 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் கலந்தது. “க்ரோல் கரைசல்ல முக்கினா எல்லாம் தெரியுமே தம்பி, ஈபிஎஸ்டி எதுக்கு?” என்று கூட்டாளி அண்ணன் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார். க்ரோல் என்பது மெருகிட்ட மேற்பரப்பை அரித்து, உள்ளமைப்பை ஒளி நுண்ணோக்கியில் தெரியவைக்கும் அமிலக் கரைசல். ஈபிஎஸ்டி என்பது எலக்ட்ரான் நுண்ணோக்கியில், பின்னோக்கிச் சிதறும் எலக்ட்ரான்களை வைத்துப் படிகத்தின் திசையை அளக்கும் முறை. போன வருடம் ஈபிஎஸ்டிக்கு மாறினோம்.

ஒளி நுண்ணோக்கி மலிவு, வேகம். மேற்பரப்பில் ஆக்சிஜன் ஏறிய ஆல்ஃபா கேஸ் அடுக்கின் தடிமனை அளக்க இன்றும் அதைத்தான் எடுக்கிறேன். க்ரோலில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருப்பதால் கால்சியம் குளுகோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் படிகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை ஈபிஎஸ்டிதான் புள்ளி புள்ளியாக அளந்து காட்டும். அரித்த படத்தில் தனித்தனியாகத் தெரியும் ஆல்ஃபா (டைட்டானியத்தின் அறுகோணப் படிக வடிவம்) துகள்கள் ஒரே திசையில் கூட்டமாக நிற்கலாம். மேக்ரோசோன் எனப்படும் அந்தக் கூட்டம், சுமை ஏறினால் ஒரே பெரிய துகள் போல நடந்துகொள்ளும். 2017 செப்டம்பரில் கிரீன்லாந்துக்கு மேலே ஓர் ஏ380 விமானத்தின் எஞ்சின் விசிறி மையம் உடைந்தது. அதுவும் 6-4தான், விரிசல் மேக்ரோசோனில் தொடங்கியதாக விசாரணை சொன்னது. அண்ணனின் மனம் மாறியது அதைப் படித்த பிறகுதான்.

சரி, சிக்கல் எங்கே? மெருகில். ஈபிஎஸ்டிக்கான சிக்னல் மேற்பரப்பின் சில பத்து நானோமீட்டரிலிருந்துதான் வருகிறது. டைட்டானியமோ தேய்க்கத் தேய்க்க இழுபடும், அழுத்தினால் உள்ளே இரட்டைப் படிகங்கள் உண்டாகும். கண்ணாடி போலப் பளபளத்தாலும், படிகத் திசையைக் கணிக்க ஈபிஎஸ்டி படிக்கும் கிக்குச்சிப் பட்டைகள் மங்கிப்போகும். வைரப் பசையோடு நிறுத்திய எங்கள் முதல் துண்டுகள் அப்படித்தான் வீணாயின. கருவியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம், மெருகு சரியில்லை என்றால் அந்தப் பணமும் போச்சு. இப்போது கூழ்ம சிலிக்காவில் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து, அதிர்வு மெருகுப் பொறியில் மாலையில் போட்டுவிட்டுக் காலையில் எடுக்கிறோம்.

முப்பரிமாண அச்சில் வந்த பாகங்களில் மட்டும் நான் அடக்கித்தான் பேசுவேன். ஆல்ஃபாவும், வேகமாகக் குளிரும்போது உண்டாகும் மார்ட்டென்சைட் வடிவமான ஆல்ஃபா பிரைமும் அறுகோணப் படிகங்களே என்பதால் ஈபிஎஸ்டி இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடும். அங்கே டெம், அதாவது மெல்லிய துண்டின் ஊடே எலக்ட்ரான்களைச் செலுத்திப் பார்க்கும் நுண்ணோக்கி வேண்டும். அதில் நான் உட்கார்ந்தது நாலைந்து தடவைதான்.

உங்கள் கூடத்திலும் இந்தப் பேச்சு எழுந்தால், கருவிக்கு விலை கேட்கும் முன் அதிர்வு மெருகுப் பொறியை வாங்கிவிடுங்கள்.