அந்தப் படத்தில் இருப்பது என் வீட்டுக் கொல்லைதான்: கான்கிரீட் தளம் போடப் போகிறவர்களுக்கு

போன வாரம் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். "கொல்லைப்புறத்துல தளம் போடலாம்னு இருக்கேன். கான்ட்ராக்டர் இதைக் காட்டினார். வேலை சுத்தமா இருக்குல்ல?" என்று கேட்டிருந்தார். ஈரம் காயாமல் கண்ணாடி மாதிரி மினுங்கும் தளம். ஓரத்தில் நீலக் கதவு. கதவருகே பிடி உடைந்த துடைப்பம் ஒன்று சாய்ந்து நிற்கிறது. அந்தத் துடைப்பம் என்னுடையது.

தளம் போட்ட அன்று மாலை எடுத்த படம் அது. அடுத்த ஒன்றரை வருடத்தில் அந்தத் தளம் என்ன ஆனது என்பதற்கு அந்தக் கான்ட்ராக்டரிடம் படம் இருக்காது. என்னிடம் இருக்கிறது. நண்பருக்கு அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

16 அடிக்கு 12 அடி இடம். மாலையில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும், பையன் விளையாட வேண்டும், அவ்வளவுதான் தேவை. வந்தவர் இதே கான்ட்ராக்டர்தான், நன்றாகப் பேசினார். நாலு அங்குல கனம், உள்ளே கம்பி வலை, "லாரியே ஏத்தலாம் சார்" என்றார். நாற்காலி போடும் இடத்தில் லாரி எதற்கு என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எழுதிக்கொடுத்த தாளில் இருந்தது ஒரே வரி: 'பின்புறம் கான்கிரீட் தளம், முழு வேலை.' கனம் இல்லை, கலவை விகிதம் இல்லை, அடியில் என்ன போடுவார் என்பதும் இல்லை. அதில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

வேலை ஒரே நாளில் முடிந்தது. அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம். நான் பெருமைப்பட்டேன்.

காலையில் ஆட்கள் வந்து புல்லை மேலாகச் செதுக்கினார்கள். செதுக்கினார்கள் என்பதுகூட அதிகம், மண்வெட்டியால் இரண்டு இழுப்பு இழுத்தார்கள். நாலு பக்கமும் பலகை அடித்துக் கம்பி வலையைத் தரையில் விரித்தார்கள். "வலை மண்ணிலேயே கிடக்கிறதே?" என்று கேட்டேன். "ஊத்தும்போது தூக்கி விட்டுருவோம் சார்" என்றார் மேஸ்திரி. கொட்டிய கலவைமேல் ஆட்கள் ரப்பர் பூட்ஸோடு நடந்து இழுத்தார்கள். வலையை யாரும் தூக்கவில்லை. அத்தனை பேர் மிதிக்கும்போது தூக்கினாலும் அது மேலே நிற்கப் போவதில்லை.

அதைவிட மோசமாக என் கண் முன்னால் நடந்தது தண்ணீர் விவகாரம். கலவை மிஷினுக்குள் ரப்பர் குழாயை நீட்டியபடி ஒரு பையன் நின்றான். அளவுக்கு ஒரு வாளிகூடக் கிடையாது. கலவை மோர் மாதிரி ஓடியது. பலகைக்குள் கொட்டினால் தானாகவே பரவி மூலை வரை போனது. எனக்கு அது திறமையாகத் தெரிந்தது! ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ. அதற்கு 25 லிட்டர் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. மணலில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். மேலே ஊற்றும் ஒவ்வொரு குடமும் இழுக்கிறவனுக்குச் சுலபம், தளத்துக்கு நஷ்டம். சிமென்டோடு சேராத தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும்போது உள்ளே ஓட்டை ஓட்டையாக விட்டுப் போகிறது. தளமும் அதிகமாகச் சுருங்குகிறது.

அப்படி ஓடிய கலவைமேல் சீக்கிரமே தண்ணீர் ஏறி நின்றது. அது தானாக வற்றும் வரை காத்திருந்து பிறகுதான் தேய்க்க வேண்டும். இவர்கள் ஒரு மூட்டையைப் பிரித்துக் காய்ந்த சிமென்டை மேலே தூவி, அந்தத் தண்ணீரோடு சேர்த்துக் கரணையால் தேய்த்தார்கள். அதுதான் படத்தில் தெரியும் மினுமினுப்பு.

மறுநாள் மாலை ஒருமுறை குழாயால் தண்ணீர் தெளித்துவிட்டு, "போதும் சார், காஞ்சாத்தான் கெட்டிப்படும்" என்று கான்ட்ராக்டர் சொல்லிப் போனார். அந்த வாரம் நல்ல வெயில், காற்று வேறு. கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, சிமென்டும் தண்ணீரும் சேர்ந்து இறுகுகிறது. குறைந்தது 7 நாள் ஈரம் போகாமல் காக்க வேண்டும். ஓரங்களில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம், நனைத்த சாக்கைப் போட்டு மூடலாம். எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. மூன்றாம் நாள் மீதிப் பணம் முழுவதையும் கொடுத்துவிட்டேன். தளம் அவ்வளவு அழகாக இருந்தது.

முதலில் கண்டுபிடித்தது என் மனைவிதான். "என்னங்க, வீடு முழுக்க வெள்ளை வெள்ளையா கால் தடமா இருக்கே?" என்றாள். கொல்லைக்குப் போய்விட்டு வந்தால் உள்ளங்காலில் மாவு மாதிரி ஒட்டியிருக்கும். பெருக்கினால் ஒரு முறம் தூள் வரும், மறுநாள் பெருக்கினால் மறுபடியும் வரும். தண்ணீரோடு சேர்த்துத் தேய்த்த அந்த மினுமினுப்புதான் தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது. கான்ட்ராக்டரைக் கூப்பிட்டால், "புதுசுல அப்படித்தான் சார், ரெண்டு மழை பெஞ்சா சரியாயிடும்" என்றார்.

இரண்டு மழை பெய்தது. தண்ணீர் முழுவதும் கதவுப் படியோரம் வந்து தேங்கியது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பிருந்தே பையனின் பந்து ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கே வைத்தாலும் மெதுவாக உருண்டு வந்து வீட்டுச் சுவரில் இடித்து நிற்கும். "அப்பா, பந்துக்கு வீட்டுக்குள்ள வரணுமாம்" என்பான். நாங்கள் சிரித்தோம். மழை வந்தபோதுதான் புரிந்தது. உள்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறிப் பெயின்ட் கொப்பளித்தது. தளத்தின் நடுவே மூலையிலிருந்து மூலைக்கு ஒரு விரிசல் ஓடியது. பேனாவின் ரீஃபிலை அதில் விட்டுப் பார்த்தேன், பாதி உள்ளே போனது.

கூப்பிட்டதற்கு ஒருவழியாக வந்தார். "கான்கிரீட்னா விரிசல் வரத்தான் சார் செய்யும்" என்றார். இது பாதி உண்மை. அதனால்தான் எதிர்த்துப் பேச முடியாமல் நின்றேன். மிச்சப் பாதியை அவர் சொல்லவில்லை. விரிசல் எங்கே வர வேண்டும் என்பதை முன்கூட்டியே கோடு வெட்டித் தீர்மானிப்பார்கள். நாலு அங்குலத் தளத்துக்கு 8 முதல் 10 அடிக்கு ஒரு கோடு, கனத்தில் கால் பங்கு ஆழம், அதாவது ஒரு அங்குலம். தளம் கட்டர் ஓட்டும் அளவுக்கு இறுகியவுடன், பெரும்பாலும் போட்ட அன்றோ மறுநாளோ வெட்டிவிட வேண்டும். அப்புறம் வெட்டிப் பயனில்லை, தளம் தானே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துப் பிளந்திருக்கும். என் தளத்தில் ஒரு கோடுகூட இல்லை. சுவருக்கும் தளத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளிப் பட்டையும் இல்லை. கலவையைச் சுவரோடு ஒட்டியே கொட்டியிருந்தார்கள். அவர் விரிசலில் சிமென்ட் பாலைத் தேய்த்துவிட்டுப் போனார். பத்தே நாளில் அது ஓடு ஓடாக உரிந்து வந்தது. அதன்பின் அவர் போனை எடுக்கவில்லை. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டால் எடுப்பார், என் குரல் கேட்டதும் வைத்துவிடுவார்.

கடைசியில் தெரிந்தவர் மூலம் வயதான ஒரு கொத்தனார் வந்தார். அவர் தளத்தைப் பார்க்கவே இல்லை. மூலையில் பூந்தொட்டிகளுக்கு அடியில் நான் மடித்துப் போட்டிருந்த காலி சிமென்ட் சாக்குகளைப் பார்த்தார்.

"இதெல்லாம் இந்த வேலைக்கு வந்ததா தம்பி?"

"ஆமாங்க ஐயா, தொட்டிக்கு அடியில் போட ஆகும் என்று எல்லாவற்றையும் எடுத்துவைத்தேன்."

எண்ணினார். ஒன்பது. கையில் குச்சியை எடுத்து மண்ணிலேயே கணக்குப் போட்டார். 16 அடிக்கு 12 அடி, நாலு அங்குல கனம் என்றால் 64 கன அடி. சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்று கலந்தால் 14, 15 மூட்டை பிடிக்கும். "ஒன்பது மூட்டையில எப்படி முடிஞ்சுச்சு?" என்று கேட்டுவிட்டு, உளியை வைத்து ஓரத்தை உடைத்தார். பலகையோரத்தில் மட்டும் கனம் நாலு அங்குலம் இருந்தது. ஒரு முழம் உள்ளே உடைத்தால் இரண்டரை. வெளியிலிருந்து யார் பார்த்தாலும் ஓரம்தானே தெரியும்!

தளத்தைப் பெயர்த்தபோது ஒரு துண்டைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். அடிப்பக்கத்தில் புல்லின் அச்சு, இதழ் இதழாக, பழைய புத்தகத்துக்குள் வைத்த இலை மாதிரி பதிந்திருந்தது. கம்பி வலை பாதி வெளியே, துரு ஏறி, மண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தளம் சுருங்கும்போது விரிசல் விரியாமல் பிடித்துவைக்க வேண்டிய கம்பி அது. அதற்குக் கான்கிரீட்டுக்கு உள்ளே, நடுவிலோ நடுவுக்குச் சற்று மேலேயோ இருக்க வேண்டும். மண்ணில் கிடக்கும் கம்பி எதையும் பிடிக்காது.

பந்து ஏன் சுவருக்கு உருண்டது என்பதையும் அவர்தான் சொன்னார். வீட்டு அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழியை மூடும்போது சுவரோரம் மண்ணைச் சும்மா தள்ளி நிரப்பியிருப்பார்கள். அந்தப் பட்டை மண் வருடக்கணக்காக அமுங்கிக்கொண்டே இருக்கும். அதைத் திமிசு போட்டு இடித்து இறுக்காமல் மேலே தளம் கொட்டினால், தளம் வீட்டைப் பார்த்துச் சாயும். வாட்டம் வேறு முதலிலேயே விடவில்லை. அடிக்குக் கால் அங்குலம் வீட்டைவிட்டு வெளியே சரிய வேண்டும். என் 12 அடிக்கு மூன்று அங்குலம். மட்டம் பார்க்கும் ட்யூபை அந்த ஆட்கள் கொண்டுவந்ததாகவே எனக்கு நினைவில்லை.

புதிதாகப் போட்டதைவிட உடைத்து அள்ளியதுதான் பெரிய வேலை. கான்கிரீட் துண்டுகளைக் கொட்ட இடம் தேடுவது தனிக் கொடுமை, அதைப் பற்றித் தனியாகத்தான் புலம்ப வேண்டும்.

இரண்டாவது முறை நான் பக்கத்திலேயே நின்றேன். வேர் உள்ள மேல்மண் முழுவதும் போனது. சுவரோரத்தைத் தோண்டி, அரை அடி அரை அடியாக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக இடித்தார்கள். அதன்மேல் நாலு அங்குலம் ஜல்லிக்கலவை, அதையும் மிஷினால் இடித்தார்கள். தளத்துக்கு அடியில் மட்டும் மூன்று நாள் வேலை. பலகைக்குப் பலகை நூல் கட்டி, நூலிலிருந்து தரைக்கு டேப் பிடித்து ஏழெட்டு இடத்தில் அளக்கச் சொன்னார் பெரியவர். நானே அளந்தேன். எங்கேயும் நாலுக்குக் குறையவில்லை. இந்த ஒரு அளவை மட்டும் முதல் ஆளிடம் எடுத்திருந்தால், கலவை கொட்டும் முன்பே எல்லாம் வெளிப்பட்டிருக்கும். டேப் என் வீட்டு அலமாரியில்தான் கிடந்தது.

வலை மண்ணில் படாமல் தூக்கி நிற்க, அடியில் கவர் பிளாக் என்கிற சின்னக் கட்டைகளை வைத்தார்கள். தண்ணீரை வாளியில் அளந்து ஊற்றினார்கள். கலவை ஓடவில்லை, அள்ளிப்போட்டு இழுக்க வேண்டியிருந்தது. ஆட்கள் முனகத்தான் செய்தார்கள். மேல்பூச்சு முதல் தளம் மாதிரி மினுங்கவில்லை. பெரியவர் கடைசியில் துடைப்பத்தால் ஒரே பக்கமாக இழுத்துச் சொரசொரப்பாக விட்டுவிட்டார், மழையில் வழுக்கக் கூடாது என்று. படம் எடுத்தால் எடுபடாது.

பணத்தில் ஒரு பங்கை முதல் பெருமழை வரை நிறுத்திவைக்கலாமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "தாராளமா வெச்சுக்க தம்பி" என்றார். எழுதியும் கொடுத்தார்: கனம், விகிதம், அடியில் ஜல்லி, வாட்டம், கோடு, ஏழு நாள் தண்ணீர். எல்லாம் அரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது.

நண்பரிடம் இந்த அரைப் பக்கத்தைக் கான்ட்ராக்டரிடம் காட்டிக் கையெழுத்துக் கேட்கச் சொன்னேன். "இப்படியெல்லாம் கேட்டா வேலை பண்ண முடியாது சார்" என்று பதில் வந்ததாம். கூடவே இன்னொரு படமும் அனுப்பியிருக்கிறார். அது யார் வீட்டுக் கொல்லையோ.

என் தளத்துக்கு இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. வெட்டிய கோடுகளில் ஒன்றின் அடியில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு மயிரிழை விரிசல் ஓடுகிறது. கோட்டை விட்டு வெளியே வரவில்லை. பையன் பந்தை விட்டால் அது தோட்டத்துப் பக்கம் உருண்டு போகிறது. எடுத்துவர இப்போது தினமும் செடிக்குள் நுழைய வேண்டியிருக்கிறது என்று அவனுக்குப் புகார்.