கை டிராலிக்கு பியூ ஃபோம் சக்கரம்: போடலாம், அளந்து போடுங்கள்

வேலூர் நேதாஜி மார்க்கெட் மாதிரி இடத்தில் மூட்டை தள்ளும் டிராலிக்கு 10 அங்குல பியூ ஃபோம் (பாலியூரித்தேன் நுரை, உள்ளே காற்று இல்லாதது) சக்கரம், டியூப் டயருக்கு நல்ல மாற்று. பங்க்சர் இல்லை, காற்றடிக்கும் வேலை இல்லை. ஆனால் குலுக்கல் அதிகம். முட்டையும் கண்ணாடியும் ஏற்றுகிறவர்கள் டியூப் டயரை விடவேண்டாம். பாரத்தோடு நாள்கணக்கில் நிறுத்தினால் ஃபோம் ஒருபக்கம் அமுங்கிப்போகும்.

டயரில் உள்ள 4.10/3.50-4 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். அச்சு 16 மி.மீ.யா, 20 மி.மீ.யா என்று வெர்னியர் அளவுகோலில் அளக்க வேண்டும், அதுவும் பேரிங் தேய்த்த இடத்தில் அல்ல, தேயாத நடுப்பகுதியில். ஹப்பின் (சக்கரத்தின் நடுவில் அச்சு நுழையும் குழாயின்) நீளமும் முக்கியம். நீண்ட பக்கம் ஃபிரேமைப் பார்த்து வரவேண்டும்; திருப்பிப் போட்டால் டயர் ஃபிரேமில் உரசும்.

காட்டர் பின்னை (சக்கரம் கழலாமல் அச்சு முனையில் வளைத்துப் போட்ட கம்பியை) நிமிர்த்தி உருவுங்கள். வாஷர்களை வந்த வரிசையிலேயே வையுங்கள். அச்சை உப்புத்தாளால் தேய்த்து கிரீஸ் தடவி, புது பின் போடுங்கள். பழையது இரண்டாம் முறை வளைத்தால் முறியும். பக்கவாட்டு ஆட்டம் அதிகமிருந்தால் இன்னொரு வாஷர்.

ராணிப்பேட்டை பக்கம் உப்புத்தோல் ஏற்றும் டிராலி என்றால் சக்கரத்துக்கு முன்னால் பேரிங்தான் போகும். அங்கே ரப்பர் மூடி வைத்த பேரிங் கேளுங்கள், விலை கூடினாலும் சரி. இரண்டு சக்கரத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்ததும் புதிதும் ஜோடி சேர்ந்தால் வண்டி ஒருபக்கம் இழுக்கும்.